68 கிலோ: ஃபார் லாப் என்னும் தொன்மம் குறித்து

ஒரே குதிரை மூன்று நகரங்களில் இருக்கிறது. அதன் தோல் பாடம் செய்யப்பட்டு மெல்பர்ன் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. எலும்புக்கூடு வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்துக்கு உரியது. இதயம் கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1932இல் இறந்த ஒரு விலங்கை இரண்டு தேசங்கள் இவ்வாறு பங்கிட்டுக்கொண்டதை அன்பின் வெளிப்பாடு என்று பாராட்டுவோர் உண்டு. நமக்கு அது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமாகவே தெரிகிறது. உயிரோடு இருந்தபோதும் அந்தக் குதிரை பங்கு பிரிக்கப்பட்ட சொத்தாகத்தான் இருந்தது. இறந்த பிறகு பங்காளிகள் மாறினார்கள், அவ்வளவே.

ஃபார் லாப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில் வந்து முடியும்: அதற்கு விஷம் வைத்தது யார்? தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி சலிக்காமல் கேட்கப்பட்டு வருகிறது. அது தவறான கேள்வி என்பதே நம் வாதம். விடை கிடைக்காது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வியை அது தொடர்ந்து மறைத்து வருகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1926 அக்டோபர் 4 அன்று நியூசிலாந்தின் திமாரு நகருக்கு அருகில் பிறந்த தரோபிரெட் குட்டி அது. 1928இல் ஏலத்துக்கு வந்தபோது போன விலை 160 கினி. வாங்கச் சொன்னவர் ஹாரி டெல்ஃபோர்ட் என்ற, கையில் காசில்லாத சிட்னிப் பயிற்சியாளர். பணம் கொடுத்தவர் டேவிட் டேவிஸ் என்ற அமெரிக்க வணிகர். கப்பலில் வந்திறங்கிய குதிரையின் தோற்றத்தைப் பார்த்த டேவிஸ், பயிற்சிக்கு ஒரு காசும் தரமாட்டேன் என்றார். கடைசியில் மூன்றாண்டுக் குத்தகை பேசி முடிக்கப்பட்டது: செலவு முழுதும் டெல்ஃபோர்டுடையது, பரிசுப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. குதிரைக்குக் காயடிக்கப்பட்டது. மணல்மேடுகளில் கடுமையாக ஓட வைக்கப்பட்டது. 1929 பிப்ரவரியில் முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தது. முதல் ஒன்பது பந்தயங்களில் ஒன்றை மட்டுமே வென்றது.

அதன்பின் நடந்ததை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் இரு பெரிய டெர்பிகள் அதன் வசமாயின. 51 பந்தயங்களில் 37 வெற்றிகள். கடைசி 35 பந்தயங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 32 வெற்றிகள். 1930 நவம்பர் 1, 4, 6, 8 என்று ஒரே வாரத்துக்குள் நான்கு பந்தயங்களில் ஓடி நான்கையும் வென்றது. நவம்பர் 4 அன்று வென்றதுதான் மெல்பர்ன் கோப்பை. அதற்கு மூன்று நாட்களுக்கு முன், காலைப் பயிற்சி முடிந்து திரும்பும் வழியில், ஒரு காரிலிருந்து அதை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு படவில்லை. அன்று மாலையே களத்தில் இறக்கப்பட்டது. வென்றது.

தொன்மம் பிறப்பதற்கு இது போதும். பெருமந்தத்தின் நடுவில், வேலையும் கூலியும் இழந்த மக்களுக்கு, ஏலத்தில் மலிவாகப் போன அழகற்ற ஒரு குதிரை கனவான்களின் குதிரைகளைத் தோற்கடிப்பது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஏழைகளின் மகிழ்ச்சியைப் பகடி செய்வது நம் வேலையுமன்று. ஆனால் அந்த மகிழ்ச்சியைக் காசாக்கியவர்கள் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 1930 வசந்தத்தில் கால்ஃபீல்ட் கோப்பைக்கு ஃபார் லாப் ஓடும் என்ற எண்ணத்தை நிலவவிட்டு, அதனால் அமௌனிஸ் என்ற குதிரைக்குக் கிடைத்த நல்ல பந்தய விகிதத்தில் பணத்தைக் கட்டிய பின், கடைசி நேரத்தில் ஃபார் லாப்பை விலக்கிக்கொண்டார்கள். அமௌனிஸ் வென்றது. கால்ஃபீல்டில் அமௌனிஸ், மெல்பர்னில் ஃபார் லாப் என்று இரட்டைப் பந்தயம் கட்டியவர்களுக்குத் தர வேண்டியிருந்த தொகையை எண்ணி புக்கிகள் நடுங்கினார்கள். மக்களின் நாயகன் ஓடாமல் லாயத்தில் நின்றும் சம்பாதித்துக் கொடுத்தது. இதைத் தொன்மம் பாடுவதில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஹேண்டிகேப் பந்தயம் என்பது என்ன? சிறந்த குதிரை அதிக எடையைச் சுமக்கும், சுமாரான குதிரை குறைந்த எடையைச் சுமக்கும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகி ஈடுகட்டுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் இலக்கைத் தொட வேண்டும் என்பதே எடை நிர்ணயிப்பவரின் இலட்சியம். 1930 கோப்பையில் ஃபார் லாப் சுமந்தது ஏறத்தாழ 62.5 கிலோ. வென்றதற்கு மறுமொழியாக 1931இல் அதன்மேல் ஏற்றப்பட்டது 10 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது 68 கிலோ. இரண்டு மைல் தூரம். எட்டாவதாக வந்தது. வென்ற ஒயிட் நோஸ் அதைவிட மிகக் குறைந்த எடையோடு ஓடியது.

இதில் சதி ஏதும் இல்லை என்பதே முக்கியம். நள்ளிரவில் எவரும் லாயத்துக்குள் நுழையவில்லை. அந்த எடை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, நாளிதழ்களில் அச்சானது, பந்தயத்துக்கு முன் முறைப்படி நிறுத்துப் பார்க்கப்பட்டது. விதிப்புத்தகம் தன் கடமையைச் செய்தது. துப்பாக்கியை நீட்டியவனைக் குற்றவாளி என்கிறோம். 68 கிலோவை எழுதிய கையை நியாயவான் என்கிறோம். இரண்டின் நோக்கமும் ஒன்றே, அந்தக் குதிரை வெல்லக் கூடாது.

பந்தய அபிமானிகள் இங்கே குறுக்கிடுவார்கள். ஹேண்டிகேப் என்பது சமத்துவமல்லவா, எளிய குதிரைக்கும் வாய்ப்புத் தருவதல்லவா என்பார்கள். சமத்துவம் யாருக்கு? எளிய குதிரை வாய்ப்பு எதையும் கேட்கவில்லை. முடிவு முன்பே தெரிந்த பந்தயத்தில் பணம் கட்ட ஆளிருக்காது. முடிவை நிச்சயமற்றதாக்க வேண்டிய தேவை பந்தயப் பணத்துக்கு உண்டு, புல்வெளிக்கு இல்லை. சூதாட்டத்தின் தேவையை அறத்தின் மொழியில் சொல்வதற்குச் சமத்துவம் என்ற சொல் இரவல் வாங்கப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்காக மனிதர்கள் என்னென்ன இழந்திருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் இந்த இரவலைக் கண்டு வெட்கப்பட வேண்டும்.

1931 தோல்விக்குப் பிறகு ஓய்வு தரப்பட்டதா? அடுத்த பெரும் பந்தயம் பசிபிக் கடலுக்கு அப்பால் காத்திருந்தது. மெக்சிகோவின் திஹுவானாவில் 1932 மார்ச் 20 அன்று அகுவா காலியன்டே ஹேண்டிகேப். நீண்ட கப்பல் பயணம், பழக்கமில்லாத மண்தரை, பிளந்த குளம்பு, அதற்கென்று அடித்த தனி லாடம், 129 பவுண்டு எடை. எல்லாவற்றையும் மீறி, களத்தின் சாதனை நேரத்தில் வென்றது. பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 5 அன்று, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் அருகில் கடும் வலியில் துடித்து, இரத்தப் பெருக்கோடு இறந்தது.

உடனே விஷக் கதை பிறந்தது. அமெரிக்கச் சூதாட்டக் கும்பல்கள் கொன்றன என்று இரண்டு தேசங்கள் நம்பின. 2006இல் அதன் பிடரி மயிரைச் சின்க்ரோட்ரான் கதிரில் ஆராய்ந்தார்கள். இறப்புக்கு முந்தைய ஓரிரு நாட்களுக்குள் பெருமளவு ஆர்செனிக் உடலில் சேர்ந்திருப்பதாக 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கொலை உறுதியாயிற்று என்று பலர் துள்ளினார்கள். அதே 2008இல் வேறொன்றும் வெளிவந்தது. டெல்ஃபோர்டின் மருந்துக் குறிப்பேடு ஏலத்துக்கு வந்தது. குதிரைக்குத் தெம்பூட்டும் டானிக்குகளின் செய்முறை அதில் இருந்தது. சேர்மானங்களில் ஆர்செனிக் உண்டு, ஸ்ட்ரிக்னைனும் உண்டு. அக்காலத்தில் பல லாயங்களில் அது வழக்கம்தான். ஆக, அந்த ஆர்செனிக் பகைவன் கையிலிருந்து வந்திருக்கலாம், அல்லது அன்றாடப் பராமரிப்பின் கையிலிருந்தே வந்திருக்கலாம். எது என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. 68 கிலோதான் அதைக் கொன்றது என்றும் நாம் சொல்லவில்லை. மர்ம வில்லனைத் தேடும் ஆர்வம் ஏன் இவ்வளவு, தினசரிக் குறிப்பேட்டைப் புரட்டும் ஆர்வம் ஏன் இவ்வளவு குறைவு என்று மட்டுமே கேட்கிறோம். வில்லன் அகப்பட்டால் மற்ற எல்லாரும் குற்றமற்றவர்களாகிவிடலாம். சதிக் கதைகளின் நிரந்தரக் கவர்ச்சி இதுதான்.

தொன்மத்தின் உச்சம் அந்த இதயம். அதன் எடை 6.2 கிலோ. சாதாரணக் குதிரை இதயத்தின் எடையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. ஃபார் லாப்பைப் போன்ற பெரிய இதயம் என்பது ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே ஆகிவிட்டது. இலக்கிய வாசகர்களாக நாம் கவலைப்பட வேண்டிய இடம் இது. ஓர் உடலுறுப்பு படிமமாக மாறும்போது உடல் காணாமல் போகிறது. பெரிய இதயம் இருந்ததால் ஓடியது, ஓட விரும்பியது, தன் மக்களுக்காக ஓடியது என்று வாக்கியங்கள் தாமே எழுதிக்கொள்கின்றன. அந்த வாக்கியங்களில் சாட்டை இல்லை, குத்தகைப் பத்திரம் இல்லை, ஈயத் தகடு இல்லை. குதிரையின் விருப்பத்தைப் பற்றி இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதன் ஓட்டத்தால் ஆதாயம் பெற்றவர்களாக இருப்பது தற்செயலா?

இந்தக் கதையில் அன்பே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. டாமி உட்காக் என்ற பராமரிப்பாளன் இருந்தான். அவன் பின்னால் அந்தக் குதிரை நாய்க்குட்டியைப் போலச் சென்றதாகச் சொல்வார்கள். சாகும்போதும் பக்கத்தில் இருந்தவன் அவனே. அவனைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் அந்த அன்பால் ஒரு பவுண்டு எடையைக்கூடக் குறைக்க முடியவில்லை. அதுவே அந்த அமைப்பின் வலிமை. தனிமனித அன்பை அது தடை செய்வதில்லை, அதைக் கூலியின்றிப் பயன்படுத்திக்கொள்கிறது.

பழங்கதைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்போருக்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறோம். 2014 மெல்பர்ன் கோப்பையில், மக்கள் அதிகம் பணம் கட்டிய குதிரை ஜப்பானின் அட்மைர் ரக்தி. களத்தில் அதிகபட்ச எடையைச் சுமந்து, கடைசியாக வந்து, தன் கொட்டடிக்குத் திரும்பிய சில நிமிடங்களில் விழுந்து இறந்தது. காரணம் இதயச் செயலிழப்பு. பெரிய இதயத்தைக் கொண்டாடும் ஊரில்! 2020 கோப்பையிலும் அதிகபட்ச எடை ஏற்றப்பட்டது ஆந்தனி வான் டைக் மீது. 2019இல் இங்கிலாந்தின் டெர்பியை வென்ற குதிரை. ஓட்டத்தின் நடுவே கால் முறிந்தது, கருணைக்கொலை செய்யப்பட்டது. அதற்குப் பிறகே, 2021இல், வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களுக்குக் கடுமையான ஸ்கேன் பரிசோதனை கட்டாயமாயிற்று. அந்தச் சீர்திருத்தத்தை வரவேற்கிறோம். ஆயினும் ஸ்கேன் எலும்பைத்தான் பார்க்கும், விதிப்புத்தகத்தைப் பார்க்காது.

2010இல், கோப்பையின் 150ஆவது ஓட்டத்தை முன்னிட்டு, ஃபார் லாப்பின் எலும்புக்கூட்டை வெலிங்டனிலிருந்து மெல்பர்னுக்குக் கொண்டுவந்து தோலின் பக்கத்தில் நிறுத்தினார்கள். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அதில் தவறில்லை. அவர்களில் பலர் உண்மையிலேயே அந்தக் குதிரையை நேசித்தவர்கள். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அந்த இதயத்தின் முன் நிற்கும்போது, 6.2 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, 68 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலாவது குதிரையுடையது. இரண்டாவதை அதன் முதுகில் ஏற்றியவர்கள் மனிதர்கள்.