முழங்கையின் வழக்கு

“கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம்மவர் முதுமொழி. கிரிக்கெட் உலகம் இதைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் எடுத்தது. அந்தப் பாடத்துக்குத் தம் முழங்கையைக் கொடுத்தவர் கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன்.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில், பந்துவீசும் முனையில் நின்ற நடுவர் டரல் ஹெயர், மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை முரளியின் பந்தை ‘எறிபந்து’ எனத் தீர்த்தார். பத்து நாள்களின் பின் பிறிஸ்பேனில் ரொஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். சந்தேகம் வேண்டாமென்று முரளி ‘லெக் பிறேக்’ வீசிப் பார்த்தார்; எமர்சன் அதற்கும் கையை நீட்டினார். எறிந்து வீசுவதற்கு மிகக் கடினமான பந்து அது. கண் ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் பிறகு பார்ப்பதை நிறுத்திவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விதி சொல்வதென்ன? கை வளைந்திருப்பது குற்றமன்று. கை தோள்மட்டத்துக்கு வந்தது முதல் பந்து விரல்களை விட்டு நீங்கும்வரை முழங்கை நிமிர்வதே குற்றம். முரளியின் முழங்கையோ பிறவியிலேயே முற்றாக நிமிராதது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அவரை ஆராய்ந்து, அவர் எறிவதுபோற் தெரிவது பார்வை மயக்கம் என்றன.

வாசகர்கள் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். விளக்கின் முன் நின்று, முழங்கையை மடித்தபடி வைத்துக்கொண்டு, தோளிலிருந்து கையை மட்டும் சுழற்றுங்கள். சுவரில் விழும் நிழற்கை மடிந்தும் நிமிர்ந்தும் காட்டும். உங்கள் முழங்கையோ அசைந்திருக்காது. நடுவரின் கண்ணும் தொலைக்காட்சிப் படமும் காண்பது ஏறத்தாழ அந்த நிழலைத்தான்.

அசைவுப் பதிவுக் கருவி இந்த நிழலை நம்புவதில்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குறிகளை ஒட்டுகிறார்கள். சுற்றிலும் பல அதிவேகக் கமெராக்கள் படம் பிடிக்கின்றன. ஒரே குறியைப் பல திசைகளிலிருந்து கண்டு, அது வெளியில் நிற்கும் இடத்தைக் கணினி கணிக்கிறது. முழங்கை எத்தனை பாகை நிமிர்ந்தது என்பது அப்போது வாதமன்று, அளவு.

அளவு எப்போதும் நமக்குச் சாதகமாகவே வரும் என்பதில்லை. 2004இல் முரளியின் ‘தூஸ்ரா’ பேர்த்தில் அளக்கப்பட்டபோது நிமிர்வு 14 பாகை. திருத்தப் பயிற்சியின் பின் 10.2 பாகையாயிற்று. சுழற்பந்து வீச்சாளருக்கு அன்று அனுமதிக்கப்பட்டதோ 5 பாகை மட்டுமே. ஆனால் அதே கருவியை ஏனையோர் மீதும் திருப்பியபோதுதான் உண்மை வெளிவந்தது. ‘சுத்தமான’ கை எனப் போற்றப்பட்ட வேகப்பந்து வீச்சாளர்கள் உட்பட ஏறக்குறைய எல்லோரும் ஓரளவு கையை நிமிர்த்தவே செய்தனர். 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்ற எல்லை வந்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்பவர்கள் இன்றும் உளர். பழைய விதிப்படி முரளியை விலக்குவதானால் எத்தனை பேரை விலக்கியிருக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. முரளியைக் கடுமையாக விமர்சித்தவரான மைக்கல் ஹோல்டிங், ஆய்வு முடிவுகளைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அதுவே நேர்மை. 2010 ஜூலை 22இல், காலியில், முரளி தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் விடைபெற்றார்.

இனி என் கவலைக்கு வருகிறேன். இதே கருவி கோல்ஃப் ஆட்டத்திலும் உண்டு. கோலைக் கீழே வீசும் செயல் ஏறத்தாழக் கால் செக்கனில் முடிந்துவிடுகிறது. அதற்குள் மணிக்கட்டு உரிய நேரத்துக்கு முன்பே விடுபட்டால் அடியின் வலு வீணாகும். வெறுங்கண்ணுக்கு அது பிடிபடாது. ஆகவே ஆட்டக்காரர் தாமாகவே பணங்கொடுத்துக் கமெராக்களின் முன் நிற்கிறார், குறையறிந்து திருந்துவதற்காக. அங்கே கருவி வைத்தியர். கிரிக்கெட்டில் அதுவே நீதிமன்றம். அந்த நீதிமன்றமும் பெயர்பெற்றவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது.

கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், மூதூருக்கு அருகிலுள்ள எங்கள் கட்டைபறிச்சானில், பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் அழகாகப் பந்தைத் திருப்புவதை நான் கண்டிருக்கிறேன். அடுத்த முறை போனபோது அவன் எல்லைக்கோட்டருகே களத்தடுப்புச் செய்துகொண்டிருந்தான். “எறியிறாய் எண்டு சொல்லிப்போட்டினம் ஐயா, இப்ப போடுறதில்லை” என்றான். சொன்னவர் யாரோ ஓர் உள்ளூர்ப் பெரியவர். அளந்தவர் எவருமில்லை. முரளிக்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் சபையும் அர்ஜுன ரணதுங்க என்ற தலைவரும் நின்றார்கள். 2006இன் இடப்பெயர்வுகளைக் கண்ட இந்த மண்ணின் பையனுக்குப் பின்னால் யார் நிற்பது?

சசித்திர சேனாநாயக்க 2014 ஜூலையில் தடைசெய்யப்பட்டு, பந்துவீச்சைத் திருத்திக்கொண்டு, அவ்வாண்டு டிசம்பரிலேயே மீண்டும் அனுமதி பெற்றார். அளந்து சொன்னால் திருத்தவும் முடியும். சர்வதேச சபை அங்கீகரித்த ஆய்வுகூடங்களுள் ஒன்று சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் இயங்கியிருக்கிறது. ஊர்ப் பையனுக்கு அது எட்டாக்கனி. ஆனால் இன்று குறிகள் ஒட்டாமலே, இரண்டு மூன்று கைத்தொலைபேசிப் படங்களை இணைத்து முப்பரிமாண அசைவைக் கணிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. தீர்ப்புக்கு அவை போதா. வழிகாட்டுவதற்குத் தாராளமாகப் போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் கிடைக்குமா? புலம்பெயர் நாடுகளில் இத்துறையிற் பணிபுரியும் நம்மவர்கள் விடுமுறைக்கு வரும்போது இரண்டு நாள்களை இதற்கென ஒதுக்க முடியாதா?

அதுவரை பயிற்றுநர்களிடமும் பாடசாலை விளையாட்டு ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஐயம் இருந்தால் படம் எடுங்கள், முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள், பையனுக்கே போட்டுக் காட்டுங்கள். ஆனால் ஒரேயொரு நிழலைப் பார்த்துவிட்டு “எறிகிறாய்” என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். முரளியே அந்தச் சொல்லைத் தாங்க ஆண்டுக்கணக்காயிற்று. பதினாறு வயதுப் பையன் எப்படித் தாங்குவான்?