தவறிய பரீட்சையும் அடைவு வைத்த சங்கிலியும்

பரீட்சையில் ஒருமுறை தவறியவனுக்கு இரண்டு சுமைகள் உண்டு. ஒன்று, தவறினோமே என்னும் துயரம். மற்றையது, அதனை வீட்டாரிடம் எவ்வாறு சொல்வது என்னும் அச்சம். இவ்விரண்டிலும் பின்னையதே கனமானது என்பதை என் தங்கையின் மகன் வாயிலாக நான் அறிந்துகொண்டேன்.

அவன் எழுதியது கணினி வலையமைப்புத் துறையினர் நன்கறிந்த ‘சீ. சீ. என். ஏ.’ என்னும் பரீட்சை. ‘சிஸ்கோ’ நிறுவனத்தின் தராதரப் பத்திரத்துக்குரியது. 120 நிமிட நேரம் நடைபெறும். ஒரு வினாவைக் கடந்து சென்றுவிட்டால் மீண்டும் அதன்பால் திரும்ப இயலாது. கட்டணமோ 300 அமெரிக்க டொலர். நமது நாணயத்தில் ஏறக்குறைய 90,000 ரூபா. தங்கை தன் கழுத்துச் சங்கிலியை அடைவு வைத்தே அப்பணத்தைக் கொடுத்திருந்தாள்.

பையன் சித்தியடையவில்லை. ஐந்து நாட்கள் அதனை மறைத்து வைத்திருந்துவிட்டு, ஆறாம் நாள் மாலை என்னிடம் வந்தான்.

“மாமா, தவறியவர் ஐந்து நாட்கள் கழித்து மீண்டும் எழுதலாம். எனக்குக் கட்டணத்தை மாத்திரம் கடனாகத் தாருங்கள். அம்மாவுக்குத் தெரியவேண்டாம். பரீட்சையில் வந்த வினாக்களையே விடைகளுடன் விற்பவர்கள் இருக்கிறார்களாம். அவற்றை மனனம் செய்தால் இம்முறை தவறாது” என்றான்.

அவன் மீது எனக்குச் சினம் வரவில்லை; இரக்கமே வந்தது. நல்ல பிள்ளைகளும் வெட்கத்தின் பொருட்டுத் தீய வழியை நாடுவதுண்டு.

“தம்பி, அவ்வாறு களவாடப்பட்ட வினாக்களைப் பயன்படுத்துவது பரீட்சை ஒப்பந்தத்துக்கு மாறானது. கண்டுபிடிக்கப்பட்டால் பெற்ற பத்திரமும் பறிபோகும். கண்டுபிடிக்கப்படாவிட்டாலோ இன்னும் மோசம். நாளை ஒரு வைத்தியசாலையின் வலையமைப்பு பழுதுற்றால், பத்திரத்தை நம்பி உன்னையே அழைப்பார்கள். அப்போது மனனம் செய்த விடை உனக்கு உதவுமா?” என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தான். பின்னர் அவனை அழைத்துக்கொண்டு தங்கையிடம் சென்றேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். “சங்கிலியை என்றைக்காவது மீட்கலாம். ஐந்து நாளாக நீ பாதிச் சோற்றோடு எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்” என்றாள். பிள்ளைகள் மறைப்பதாக நினைப்பதைத் தாய்மார் எப்போதோ அறிந்துவிடுகிறார்கள்.

மறுநாள் பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பார்த்தோம். தேர்ச்சியின்மையை மாத்திரம் அறிவித்துவிட்டு அத்தாள் நின்றுவிடுவதில்லை. பாடப்பகுதி ஒவ்வொன்றிலும் பெற்ற வீதத்தையும் தனித்தனியே காட்டுகின்றது. பலர் துக்கத்தில் அதனைக் கிழித்தெறிந்துவிடுவர். உண்மையில், கொடுத்த பணத்துக்குக் கிடைத்த பெறுமதியான பொருள் அதுவே. பையன் மிகப் பின்தங்கியிருந்தது, தகவல் செல்லும் பாதைகளைப் பற்றிய பகுதியில். முழுப் பரீட்சையிலும் 25 வீதம் பெறுவது அப்பகுதிதான்.

காரணத்தை ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. ‘ரவுட்டர்’ என்னும் கருவி, ஒரு முகவரிக்குச் செல்லும் பாதையை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றது? பாதைகளை அறிவிக்கும் முறைகளுக்கு நம்பகத்தன்மையைக் குறிக்கும் எண்கள் உண்டு; எண் சிறிதாயின் நம்பிக்கை பெரிது. நிருவாகி தன் கையால் எழுதிய பாதைக்கு 1, ‘ஓ. எஸ். பீ. எவ்.’ என்னும் முறைக்கு 110. இவ்வட்டவணையைப் பையன் தலைகீழாக ஒப்புவிப்பான். ஆனால் அந்த எண்களைப் பார்ப்பதற்கு முன்னர், எந்தப் பாதை முகவரியை அதிக நுணுக்கமாகக் குறிக்கின்றது என்பதையே கருவி பார்க்கும் என்பதை அவன் கருத்திற் கொள்ளவில்லை.

எளிதாகச் சொல்வதாயின், மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர், “அந்த ஊர் இப்பக்கம்” என்கிறார். அவ்வளவு மதிப்பில்லாத இன்னொருவர், “அந்த ஊரில் நீர் தேடும் ஒழுங்கை அப்பக்கம்” என்கிறார். கருவி இரண்டாமவர் சொல்லையே ஏற்கும். இருவரும் ஒரே ஒழுங்கையையே சுட்டினாற்றான் யார் பெரியவர் என்ற கேள்வி எழும். எண்களை அறிந்தும் ஒழுங்கை அறியாமையாலேயே பையன் தவறினான்.

அவன் படித்த முறையிலும் குறை இருந்தது. ஒரே குறிப்பைப் பலமுறை வாசித்தான், காணொளிகளைப் பார்த்தான். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே தோன்றும். 2006 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளரான ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்த மாணவர், ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னின்றனர். ஒரு கிழமை கழிந்த பின்னரோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரே அதிகம் நினைவுகூர்ந்தனர்.

ஆகவே அவன் முறையை மாற்றினான். ‘பக்கெட் டிரேசர்’ என்னும் பயிற்சி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. அதில் வலையமைப்புகளைத் தானே அமைத்து, தானே பழுதாக்கி, தானே திருத்தினான். கட்டணத்துக்காக ஒரு தனியார் கல்வி நிலையத்தில் சாதாரண தர மாணவருக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கச் சென்றான். அங்கே துவித எண்களைக் கரும்பலகையில் விளக்க விளக்க, அவனுக்கே அவை தெளிவாயின. முகவரியின் 32 இலக்கங்களில் 26 வலையமைப்புக்குப் போனால் மிஞ்சுவது 6; அதனால் 64 முகவரிகள்; முதலும் இறுதியும் நீங்கக் கருவிகளுக்குரியவை 62 என்பதை, முன்னர் தாளில் போட்டுப் பார்த்தவன் இப்போது மனத்திலேயே கணித்தான்.

இவ்வாறு நான்கு மாதங்கள் சென்றன. ஐந்து நாட்களின் பின் எழுதலாம் என்பது அனுமதி. எழுதியே தீரவேண்டும் என்ற கட்டளையன்று. அமேசன் நிறுவனத்தின் பரீட்சைகளுக்கு 14 நாட்களும், மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் பரீட்சைகளில் முதன்முறை தவறியவருக்கு 24 மணித்தியாலங்களும் காத்திருப்பு விதிக்கப்பட்டுள்ளன. நாட்களை அவர்கள் குறிப்பார்கள். ஆயத்தத்தை நாமே குறிக்கவேண்டும்.

தன் உழைப்பில் கட்டணம் செலுத்தி எழுதிய இரண்டாம் முறை அவன் சித்தியடைந்தான். சங்கிலி இன்னும் அடைவிலேதான் இருக்கின்றது. முதற் சம்பளத்தில் மீட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். தங்கைக்கு அதில் அவசரமில்லை. “இப்போது அவன் வயிறாரச் சாப்பிடுகிறான்” என்கிறாள்.

மாணவர்களே, தவறிய செய்தியை முதல் நாளே வீட்டிற் சொல்லுங்கள். பெறுபேற்றுத் தாளைக் கிழிக்காதீர்கள். பெற்றோர்களே, அச்செய்தி வரும்போது கட்டிய பணத்தின் கணக்கை முதலில் எடுக்காதீர்கள். அம்மி நகர்வது அடிமேல் அடியால்தான். அந்த அடுத்த அடியை எடுத்து வைக்கும் துணிவு வீட்டிலிருந்தே பிறக்கின்றது.