'பார்வையாளர்' என்றொரு அட்டை

சிலிம் ரிவரில் தோட்ட இலக்கியம் பற்றி ஒரு கருத்தரங்கு. வாசலிலேயே கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டார்கள். முன்வரிசைக்காரர்களுக்கு 'டத்தோ', 'முனைவர்' எல்லாம் கொட்டை எழுத்தில்; பெயர் அதற்குக் கீழே பொடியாக. எனக்கும் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கும் 'பார்வையாளர்' மட்டும்தான். பெயரே இல்லை.

தேநீர் நேரத்தில்தான் தெரிந்தது, அந்த அம்மா முப்பது வருஷம் பால் வெட்டியவர். மேடையில் நாலு பேர் பெரட்டைப் பற்றிப் பேசினார்கள். பெரட்டில் நின்றவரை ஒருத்தரும் கேட்கவில்லை. "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். "நாம பார்க்கத்தானே வந்தோம் தம்பி" என்றார். அட்டை சொன்னதை அவர் நம்பிவிட்டார்.

அட்டை சின்ன விஷயம்தானே என்பீர்கள். கிராணியின் செக்ரோலும் வெறும் காகிதம்தான். அதில் பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் சந்திப்புகளில் வண்ண அட்டை அணிகிறார்கள். பச்சை என்றால் யாரும் வந்து பேசலாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். சிவப்பு என்றால் இப்போது வேண்டாம். அதில் பதவிக்கு இடமே இல்லை.

ஏற்பாட்டாளர்களே, பட்டங்களை எடுத்துவிடுங்கள். கூப்பிடும் பெயரைப் பெரிதாக, இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கயிற்றில் தொங்குவது எப்படியும் திரும்பிக்கொள்ளும். கீழே 'என்னிடம் இதைக் கேளுங்கள்' என்று போட்டு ஒரு வரி காலியாக விடுங்கள்.

மரியாதை குறையும் என்கிறார்கள். அட்டையில் நிற்கிற மரியாதை குறைந்தால் குறையட்டும். அந்த அம்மாவின் அட்டையில் 'பால்வெட்டு' என்று எழுதியிருந்தால், நானே இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.