சாக்கடை சொன்ன சேதி

கிழக்கு லண்டனில் பெக்டன் என்று ஓர் இடம். சுமார் 40 லட்சம் பேரின் கழிவுநீர் அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வந்து சேர்கிறது. 2022 பிப்ரவரியில் அந்தத் தண்ணீரில் போலியோ வைரஸ் தட்டுப்பட்டது.

முதலில் யாரும் பதறவில்லை. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். சொட்டு போட்ட குழந்தையின் மலத்தில் அது சில வாரங்கள் வெளியேறும். பிரிட்டன் 2004-லேயே ஊசிக்கு மாறிவிட்டது. ஆனாலும் வெளிநாட்டில் சொட்டு போட்டுக்கொண்டு யாராவது விமானம் ஏறி வருவார்கள். வருடத்துக்கு ஒன்று முதல் மூன்று முறை வைரஸ் தெரியும், பிறகு காணாமல் போய்விடும்.

இந்த முறை போகவில்லை. ஜூன் வரை வந்துகொண்டே இருந்தது. மரபணுவைப் பார்த்தால் எல்லாம் ஒரே வம்சம், கொஞ்சம் கொஞ்சமாக மாறியும் இருந்தது. அப்படியென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. தடுப்பூசி போடாதவர்களிடையே இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் வலுவிழந்த வைரஸ் பழைய வீரியத்தைப் பெறுகிறது. (நம்மூர்ச் சொட்டு மருந்தை நினைத்துப் பயம் வேண்டாம். லண்டனில் கண்ட 2-ஆம் வகை வைரஸ் 2016-லேயே அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.)

யார் வீட்டிலிருந்து வருகிறது? சாக்கடைக்கு முகவரி தெரியாது. போலியோ தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது என்பதால் ஆஸ்பத்திரியிலும் பிடிபடாது. எனவே குழாய் வந்த வழியே பின்னோக்கிப் போய், பகுதி பகுதியாக மாதிரி எடுத்தார்கள். ஹாக்னி, பார்னெட், என்ஃபீல்டு உட்பட 8 பகுதிகளில் வைரஸ் இருந்தது. ஆகஸ்டில், லண்டனில் 1 முதல் 9 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கூடுதல் ஊசி என்று அறிவிப்பு வந்தது. கிட்டத்தட்ட 10 லட்சம் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக்கூடக் கால் முடங்கவில்லை.

நியூயார்க் மாநிலத்தில் கதை தலைகீழ். அதே கோடையில் ராக்லண்ட் என்ற பகுதியில், தடுப்பூசியே போட்டிராத ஓர் இளைஞரின் கால்கள் செயலிழந்தன. போலியோ என்று தெரிந்த பிறகுதான் சாக்கடைப் பக்கம் போனார்கள். கொரோனாவுக்காக எடுத்து வைத்திருந்த பழைய மாதிரிகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தால், லண்டன் வைரஸுக்குச் சொந்தக்கார வைரஸ். அவர் கால் தளர்வதற்குச் சில வாரங்கள் முன்பே அது அந்தத் தண்ணீரில் இருந்திருக்கிறது.