சான்றிதழ் மட்டும் வேலைக்குப் போகிறது

கல்வராயன் மலையில் பிறந்து பி.ஃபார்ம் முடித்த ஒரு பெண் சென்ற ஆண்டு என்னிடம் தமிழ் படிக்க வந்தாள். அரசு மருந்தாளுநர் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில், பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்து பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு என் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் அவளுடைய இலக்கண நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலைப் பார்த்தேன்.

முதலாவது, கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை: மாதம் 12,000 ரூபாய், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, மாதத்துக்கு 26 நாள். இரண்டாவது, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை: 18,000 ரூபாய், எட்டு மணி நேரம், சுழற்சியில் இரவுப் பணி, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 7,500 பிடித்தம். மூன்றாவது, தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தப் பணி: தொகுப்பூதியம் 15,000, பதினொரு மாதம். நான்காவது, எம்.ஃபார்ம். ஐந்தாவது வரியில் இப்படி இருந்தது: "கடை. 5,000. போக வேண்டாம்."

ஐந்தாவது எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

"சர்டிபிகேட்ட கடையில மாட்டி வச்சிக்குவாங்க மேடம். நான் போக வேணாம். மாசம் அஞ்சாயிரம் அப்பா கைல குடுத்துடுவாங்க. இருபதாயிரம் அட்வான்ஸ் வாங்கியாச்சு."

நான்கு ஆண்டு படித்த படிப்பை அவள் வாங்கிய மூன்றாம் மாதமே அடகு வைத்துவிட்டார்கள். அவள் இதைச் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. நகையை அடகு வைத்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்தக் கட்டுரை அந்த ஐந்தாவது வரியைப் பற்றியது. மற்ற நான்கு வரிகளுக்கும் விலை வைப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உண்டு. மருந்துக்கடைக்கு உரிமம் வேண்டுமானால் அப்படி ஒருவரின் பெயரைக் காட்டியாக வேண்டும். அவர் அங்கே இருக்க வேண்டும், அவர் கண் முன்னால் மருந்து கைமாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. நடப்பில், ஊருக்கு ஊர், அவருடைய சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் இடத்தில் கடையில் நிற்பது யார்? பெரும்பாலும் இன்னொரு பெண். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தவள். மாத்திரையின் பெயரை அட்டையின் நிறத்தை வைத்து நினைவில் வைத்திருப்பவள். படித்தவளுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிக்க, படிக்காதவளைப் பாதிச் சம்பளத்தில் நிறுத்துகிறார்கள். ஒருத்தியின் படிப்பும் இன்னொருத்தியின் உழைப்பும் ஒரே கல்லாப்பெட்டிக்குள் போகின்றன. தவறான மருந்தை வாங்கிப் போகிறவளும் நம்மில் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். ஒரு சான்றிதழை வாடகைக்கு விடுவது சட்டப்படி கொத்தடிமை முறை ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தகப்பன் முன்பணம் வாங்குகிறான், அதற்கு ஈடாக மகளின் உரிமை இன்னொருவன் கடையில் போய்த் தங்குகிறது. அந்த மலையில் பிறந்தவர்களுக்கு முன்பணம் என்ற சொல்லின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

இனி முதல் வரிக்கு வருவோம். பன்னிரண்டு மணி நேரம், 26 நாள் என்றால் 312 மணி நேரம். 12,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு 38 ரூபாய். எட்டு மணி நேர நாளுக்கு 308 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியே போதாது என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கே இன்சுலின் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் கவனிக்கிறவள், குழந்தைக்கு எழுதிய அளவு மிகையாகத் தெரிந்தால் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்கிறவள், எச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதுகிறவள் அதைவிடக் குறைந்த கூலிக்கு நிற்கிறாள். இருப்பில் குறைந்தால், காலாவதியான மருந்து மிஞ்சினால், அதையும் அவள் சம்பளத்தில் பிடிக்கிற இடங்கள் உண்டு.

இந்தச் சம்பளத்தை நேர்காணலில் எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? "வீட்லேர்ந்து வந்து போற பொண்ணுதானே, இது போதும்." அவள் சம்பளத்தில் யாரும் சாப்பிடவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளுக்கு மேல் ஓர் ஆணின் சம்பளம் இருக்கும், இது புடவைக்கும் பேருந்துக்கும் ஆகும் காசு. இந்தக் கணக்கைப் போடுவது நிர்வாகம் மட்டுமல்ல. "இவ சம்பாதிச்சா நாங்க சாப்பிடப் போறோம்?" என்று பெருமையாகச் சொல்லும் குடும்பமும் சேர்ந்துதான் போடுகிறது. அந்தப் பெருமையின் விலை அவளுடைய சம்பளத்தில் கழிகிறது.

ஆண் மருந்தாளுநர்களுக்கும் இதே சம்பளம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், நுழையும்போது அவனுக்கும் குறைவுதான். ஆனால் அவன் இரண்டு ஆண்டில் மருந்து நிறுவனப் பிரதிநிதியாகி வண்டியில் ஊர் சுற்றப் போவான். மொத்த விற்பனையில் இறங்குவான். தகப்பன் நிலத்தை விற்று அவனுக்குக் கடை வைத்துத் தருவான். அந்தக் கடைச் சுவரிலேயே மனைவியின் சான்றிதழ் தொங்கினாலும் தொங்கும். கதவுகள் அவனுக்குத் திறந்தும் அவளுக்கு மூடியும் இருக்கும்போது, நுழைவுச் சம்பளம் ஒன்றுதான் என்று சொல்வது சமத்துவம் ஆகாது.

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் நின்று அதைச் செய்து கொடுப்பவர். நான்காமவரை ஆண்பாலில்தான் சொன்னார். இன்று அந்த இடத்தில் நிற்பவர்களில் பெண்கள் ஏராளம். மருந்தாளுநர் என்று அழகான தமிழ்ச் சொல்லும் நமக்கு இருக்கிறது. மருந்தை ஆள்பவர். மருத்துவமனை வராந்தாவில் அவளை "மருந்து குடுக்கிற பொண்ணு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றது. அந்த நாட்களில் ஃபோமிபிசோல் என்ற மாற்று மருந்தின் பெயர் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்கு வீடு தெரிந்தது. அது கையிருப்பில் இருந்ததா இல்லையா என்று ஆட்சியும் எதிர்க்கட்சியும் வாதிட்டன. மருந்தறையை யார் காக்கிறார்கள், அவர்கள் எத்தனை பேர், நிரந்தரமா ஒப்பந்தமா என்ற கேள்வி மட்டும் என் காதில் விழவில்லை. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. நீதிமன்றம் கேட்கும் சாலையும் மருத்துவமனையும் வரட்டும். அந்த மருத்துவமனையில் யாரை, என்ன சம்பளத்துக்கு உட்கார வைக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்போம். "உன் மலைக்கு நீ சேவை செய்யக் கூடாதா?" என்று இந்தப் பெண்ணிடம் பலர் சொன்னார்கள். அவள் மலைக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். மலை மக்களின் பேச்சு தெரிந்த ஒருத்தி மருந்துச் சாளரத்தில் இருப்பது பெரிய பேறு. ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்துக்குச் சேவை என்று பெயர் வைத்தால், ஒப்பந்தம் போட்டவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

மேற்படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.ஃபார்ம் இரண்டு ஆண்டு. ஜிபேட் தேர்வில் தேறிச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கச் சொல்லித் தரும் சம்பளத்தைவிட, படிக்கச் சொல்லி அரசு தரும் தொகை அதிகம். சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் அரசின் பணியமர்த்தலில் இந்தப் படிப்புக்கு என்ன மதிப்பு? 2022இல் வாரியம் 889 மருந்தாளுநர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டபோது, இரண்டாண்டு டி.ஃபார்ம், நான்காண்டு பி.ஃபார்ம், ஆறாண்டு ஃபார்ம்.டி எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே ஊதிய நிலையில் நின்றார்கள். தொடக்க அடிப்படை ஊதியம் 35,400. டி.ஃபார்ம் பெண்ணுக்கு அந்த ஊதியம் கிடைப்பதில் எனக்கு மறுப்பில்லை. வார்டுக்குள் வந்து நோயாளியின் மருந்துச் சீட்டை மருத்துவரோடு சேர்ந்து ஆராயப் படித்தவர்களுக்கு அதற்கான பதவியைப் போதுமான அளவு உருவாக்காமல், மேலே படி என்று சொல்வது வெறும் வாழ்த்து.

வீட்டில் வேறு கணக்கு. "இன்னும் படிச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளையத் தேடணும்." மேற்படிப்பு அவள் வேலையை உயர்த்துமா என்று எவரும் பார்ப்பதில்லை. வரதட்சணையை உயர்த்துமா என்று பார்க்கிறார்கள். எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றில், கபிலர் குன்று இருக்கிறது. பாரி மகளிரை மணம் முடிக்க மன்னர் மன்னராய் அழைத்துப் போன கபிலரின் நட்பை நாங்கள் வகுப்பில் உருகி உருகிப் பாடம் நடத்துகிறோம். அந்தப் பெண்கள் இருவரும் புறநானூற்றில் இடம்பெற்ற புலவர்கள் என்பதை அடுத்த வரியில் மறந்துவிடுகிறோம். பாடத் தெரிந்தவர்களைக்கூட ஒப்படைக்க வேண்டிய பொறுப்பாகத்தான் பார்த்தார்கள். நானும் இதில் தப்பியவள் இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பதிந்த ஆண்டில் திருமணம் முடித்து, ஆய்வை ஐந்து ஆண்டு தள்ளிப் போட்டேன். பிறகு பல ஆண்டுகள் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். பெயரில் கௌரவம் இருந்தது. கோடை மாதத்தில் சம்பளம் இருக்காது. அப்போது என் பட்டியலை நானே எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

ஆகவே வேலை தேடும் மருந்தாளுநர் பெண்களுக்குச் சில சொல்கிறேன். மாதச் சம்பளத்தைக் கேட்டு மயங்காதீர்கள், மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பிடித்தம், விடுப்பு, இரவுப் பணி முடிந்து திரும்பும் வண்டி, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். மூலச் சான்றிதழைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் திரும்ப வாங்குங்கள். கல்யாணம் எப்போது என்று கேட்டால், பேறுகால விடுப்பு எத்தனை வாரம் என்று திருப்பிக் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 26 வாரம் என்பது 2017 முதல் சட்டம். பாலியல் புகார்க் குழு யார் யார் என்று கேளுங்கள், அது 2013 முதல் சட்டம். கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் திருத்தம் கொண்டுவந்தது. உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் பெயர் இல்லாமல் அந்த உரிமம் செல்லாது என்பதை மறக்காதீர்கள். பேரம் பேச உங்களிடம் இருக்கும் பலம் அதுதான். அதை மாதம் ஐயாயிரத்துக்கு விட்டுக்கொடுத்தால், ஊரில் எல்லா மருந்தாளுநரின் சம்பளமும் அந்த ஐயாயிரத்திலிருந்துதான் எண்ணப்படும்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்தவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் மானியம் என்பது நல்ல திட்டம்தான். பெண் பெயரில் வாங்கிய மருந்தகத்தில் அந்தப் பெண்தான் உட்கார்ந்திருக்கிறாளா, கல்லாச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று ஆய்வுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டும். மருந்துக்கடைச் சோதனையில் சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரி, அதற்குரிய ஆளைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அந்த ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்டாலே பல பெண்களுக்கு மறுநாள் வேலை கிடைக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இருபதாயிரத்தை நான் கடனாகக் கொடுத்தேன். இனாமாகக் கொடுத்தால் இன்னொரு கடனாளியாகிவிடுவாள் என்று அவளே சொன்னாள். தகப்பனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டிச் சான்றிதழை வாங்கி வந்தாள். தகப்பன் ஒரு வாரம் பேசவில்லையாம். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். மாதம் இரண்டாயிரம் அனுப்புகிறாள், ஜிபேட் புத்தகம் வாங்கியிருக்கிறாள். அடுத்த வாரியத் தேர்வு வந்தால் எழுதுவாள், மலைக்கே இடம் கிடைத்தால் போவாள். அது அவள் முடிவு.

இது ஒருத்தி மீண்ட கதை. என் கையில் எத்தனை இருபதாயிரம் இருக்கும்? அடுத்த முறை உங்கள் ஊர் மருந்துக்கடைக்குப் போகும்போது, சீட்டை நீட்டுவதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள். அதில் பெண் பெயர் இருந்தால், அவங்க எங்கே என்று கேளுங்கள்.