மயன் மக்களும் அல்லர். மக்கத்து மக்களும் அல்லர்

மாயர், அஸ்தெக்கர், இன்கர் என்னும் பெயர்களைக் கேட்டதும் நம்மவர் மூன்று விதமாகப் பேசுவர். அவர்கள் நரபலியிட்ட காட்டுமிராண்டிகள் என்பர் ஒரு சாரார். அவர்கள் நம் மயனின் வழித்தோன்றல்கள் என்பர் மற்றொரு சாரார். மூன்றாம் சாரார் நம் சமுதாயத்திலேயே இருக்கின்றனர். கொலம்பசுக்கு முன்பே முஸ்லிம்கள் அங்குச் சென்று பள்ளிவாசல் எழுப்பினர் என்று மேடைதோறும் முழங்குவர். இம்மூன்றும் பிழை என்பதே நம் வாதம். பிழை மட்டுமன்று, அநீதியுமாகும்.

மயன் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பழங்குடியினரின் நாகரிகம் இந்து நாகரிகமே என்று வாதிட்டு 1940இல் சமன்லால் ஒரு நூல் எழுதினார். குமரி முனையில் வள்ளுவர் சிலையை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதியும் மாயர் கட்டடக் கலையை மயன் மரபோடு இணைத்துப் பேசினார். அவருடைய சிற்பத் திறனை நாம் மதிக்கிறோம். ஆனால் உளித்திறன் வரலாற்றுச் சான்றாகாது. மாயா என்பது யுகாத்தான் பகுதியில் வழங்கிய பெயர். அதனைப் பிற்காலத்தவரே அவ்வின மக்கள் அனைவருக்கும் விரித்துரைத்தனர். பெயரொலி ஒத்திருப்பதே உறவுக்குச் சான்றென்றால், மக்காச்சோளம் மக்காவில் விளைந்த பயிராக வேண்டும்! அதுவோ மெக்சிகோ மண்ணில் பிறந்த பயிர்.

உண்மையில் எது கடல் கடந்து வந்தது என்பதை அறிய ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. புதுச்சேரி வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டு அடுப்பங்கரைக்குச் சென்றால் போதும். மீன் குழம்பில் கொதிக்கும் மிளகாயும் தக்காளியும் அவ்வமெரிக்க மக்கள் பயிரிட்டு வளர்த்தவை. போர்த்துக்கேசியர் வருமுன் மிளகாயை நம்மவர் அறியார். சங்கப் புலவர் பாடிய காரம் மிளகின் காரமே. நம் முன்னோர் மெக்சிகோ சென்று அம்மக்களுக்குக் கலைகளைக் கற்பித்துத் திரும்பியிருந்தால், ஒரு மிளகாய் விதையைக்கூடவா மடியில் கட்டி வராமல் விட்டிருப்பர்? நம் இரும்பையும் சக்கர வண்டியையும் நெல்லையும் அங்கே கொடுக்க மறந்து, கோபுரம் கட்டும் வித்தையை மட்டுமா கொடுத்திருப்பர்? கொடுத்தவர் நாமல்லர், பெற்றவரே நாம்.

அதே வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வத் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடுகின்றன. மதியையும் நாள்மீனையும் பார்த்துக் குறித்த நாள் அது. மாயரும் வானத்தை நோக்கி நாள் குறித்தனர். 365 நாள் ஆண்டையும் 260 நாள் வட்டத்தையும் இணைத்து 52 ஆண்டுச் சுழற்சி கண்டனர். அதற்காக, மாசி மகத்தை நமக்குக் கற்பித்தவர் மாயரே என்று எவரேனும் சொன்னால் நாம் ஏற்போமா? ஏற்கமாட்டோமெனில், நாமே அவர்களுக்குக் கற்பித்தோம் என்பதற்கு மட்டும் என்ன உரிமை? ஒரே வானத்தின்கீழ் வாழும் மனிதர் ஒரே உண்மையைத் தனித்தனியே கண்டடைவதில் வியப்பில்லை.

இனி நம்மவர் கூற்றுக்கு வருவோம். 2014இல் துருக்கி அதிபர் எர்துவான், முஸ்லிம் மாலுமிகள் 1178இலேயே அமெரிக்காவை அடைந்தனர் என்றும், கியூபாவின் குன்றொன்றில் பள்ளிவாசல் இருந்ததாகக் கொலம்பஸ் குறித்துள்ளார் என்றும் பேசினார். கொலம்பஸ் குறிப்பில் இருப்பது உவமையே; குன்றின் வடிவம் பள்ளிவாசலை ஒத்தது என்பதே அதன் பொருள். உவமையைக் கட்டடமாக்கும் அளவுக்கு நம் வரலாறு வறுமையுற்றதா? பைத்துல் ஹிக்மாவும் குர்துபாவும் உடையோர்க்கு இரவல் பெருமை எதற்கு?

காட்டுமிராண்டிகள் என்னும் பழிக்கும் விடை கூறுவோம். அஸ்தெக்கர் மனிதரைப் பலியிட்டனர். இன்கர் மலையுச்சிகளில் குழந்தைகளையும் பலியிட்டனர். ஓரிறைக் கொள்கையும் உயிரின் கண்ணியமும் போற்றும் நாம் அதனை நியாயப்படுத்தோம், மறைக்கவும் மாட்டோம். ஆயினும் அதுவே அவர்தம் முழு வரலாறாகுமா? புள்ளி, கோடு, சிப்பி என்னும் மூன்றே குறிகளால் எல்லா எண்களையும் எழுதி, பூச்சியத்தையும் தாமாகவே கண்டவர் மாயர். ஏரி நடுவே 1325இல் தெனோச்தித்லான் நகரை நிறுவி, சேற்றை மேடாக்கிப் பயிர் விளைத்தவர் அஸ்தெக்கர். இரும்பும் குதிரையும் சக்கர வண்டியும் இன்றி ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் சாலை அமைத்தவர் இன்கர். அவர் முடிச்சிட்ட கயிறுகளிலேயே அரசின் கணக்கை எழுதினர்.

இத்தகையோரை அழித்தவர் எவர் என்பதை முஸ்லிம்கள் மறத்தல் தகாது. 1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே கொலம்பஸ் புறப்பட்டார். கிரனாடாவில் அறபு நூல்களைத் தீயிலிட்டார் சிஸ்னெரோஸ் பாதிரியார். 1562இல் மானி நகரில் மாயர் நூல்களைத் தீயிலிட்டார் தியேகோ தெ லாந்தா. மெக்சிகோவின் கோயில்களைக் கண்ட கொர்த்தேஸ், தம் மன்னனுக்கு எழுதிய கடிதங்களில் அவற்றைப் பள்ளிவாசல்கள் என்றே குறித்தார்! அவர் கண்ணுக்கு, இடிக்கத் தக்கவை யாவும் பள்ளிவாசல்களே. புதுச்சேரியில் 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த தூப்ளேயின் அரசும் அவ்வழி வந்ததே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அதற்குச் சாட்சி. எரியாமல் எஞ்சிய மாயர் நூல்கள் நான்கே. அவற்றுள் ஒன்று 1859இல் பாரிசு நூலகத்தின் மூலையொன்றில் கண்டெடுக்கப்பட்டது.

நூலை எரித்தவன் செய்தது முதற்கொள்ளை. அந்நூலை எழுதியவன் நீயல்லன், எம் பாட்டனே என்று பேரனிடம் சொல்வது இரண்டாம் கொள்ளை. அப்பேரன் இன்றும் உயிரோடிருக்கிறான் என்பதே இங்குப் பெரிதும் எண்ணத் தக்கது. மாய மொழிகளைப் பல இலட்சம் மக்கள் இன்றும் பேசுகின்றனர். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் மாண்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சம் பேர் என மதிப்பிட்ட உண்மை ஆணையம், அடையாளம் காணப்பட்டோருள் 83 விழுக்காட்டினர் மாயரே என 1999இல் அறிவித்தது. அம்மக்களின் நீதிக் குரலாக எழுந்த ரிகொபெர்த்தா மெஞ்சூ 1992இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். நிலத்தையும் உயிரையும் இழந்தோரிடம் எஞ்சியிருப்பது முன்னோரின் பெயர் ஒன்றே. அதனையுமா நாம் கேட்பது?

மக்கள் இனங்களாகவும் குலங்களாகவும் பிரிந்திருப்பது ஒருவரையொருவர் அறிவதற்கே என்பது நம் திருமறையின் போதனை, அபகரிப்பதற்கன்று. அல்பிரூனி இந்நாட்டுக்கு வந்தார், சமஸ்கிருதம் பயின்றார், தாம் ஏற்காத சமயத்தையும் அதற்குரியோரின் நூல்கொண்டே விளக்கினார். இந்துக்களின் கணிதம் எம்முடையது என்றாரில்லை; இவர்கள் இழிந்தோர் என்று தள்ளினாருமில்லை. அவர் வழி நம் வழியாகட்டும். மாயரின் பெருமை மாயருக்கே உரியது. நாம் பட்டிருப்பது மிளகாய்க் கடன். அதனை நன்றியோடு ஒப்புக்கொள்வதே நமக்கு அழகு.