பெயர் தெரியாத காவல்காரர்

பத்திரிகையில் ஆசிரியர் பெயர் வரும். நிருபர் பெயரும் சில சமயம் வரும். துணை ஆசிரியர் பெயர் வருவதே இல்லை. ஆனால், வாசகரின் நம்பிக்கை அவர் கையில்தான் இருக்கிறது.

அவருக்கு என்ன வேலை?

நிருபர் அனுப்பிய செய்தியைச் சரிபார்ப்பார். வேண்டாததை வெட்டுவார். கடினமான சொல்லை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் புரியும் சொல்லைப் போடுவார். தலைப்புக் கொடுப்பார்.

திருவண்ணாமலைச் செய்தியையே பாருங்கள். கார்த்திகைத் தீபத்தன்று அதிகாலையில் கோவிலுக்குள் பரணி தீபம். மாலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம். "அதிகாலையில் மலை மீது தீபம்" என்று தலைப்பு வந்துவிட்டால்? கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்த குடும்பம் பகல் முழுவதும் தெருவில் தவிக்கும். ஒரு வார்த்தைப் பிழை, ஒரு குடும்பத்தின் அலைச்சல்!

"10 லட்சம் பேர் திரண்டனர்" என்று செய்தி வந்தால், "எண்ணியது யார்? சொன்னது யார்?" என்று கேட்பவரே நல்ல துணை ஆசிரியர்.

இது சின்ன வேலை அல்ல. மகாகவி பாரதியார் 1904-ம் ஆண்டு 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் தருவது அவருடைய முக்கிய வேலை.

இன்று கைபேசியில் நொடிக்கு ஒரு செய்தி வருகிறது. அவற்றில் பலவற்றைச் சரிபார்க்க ஆள் இல்லை. ஆகவே, துணை ஆசிரியர் இப்போதுதான் அதிகம் தேவை. செலவைக் குறைக்க அவருடைய நாற்காலியை எடுத்துவிடக் கூடாது.

செய்தியை முந்தித் தருவது நல்லது. சரியாகத் தருவது அதைவிட நல்லது.